இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன்

இறுதியாண்டு மாணவர்களாகிய நாம் ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி "அடுத்து என்ன?" என்பதாகும். தமிழை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களிடமிருந்து "வாத்தியார் வேலைதான்" என்ற பதில் உடனே வந்துவிடும். ஆனால், கல்வியியல் பட்டம் அல்லாத வேறு பட்டம் பெற்ற ஒருவர் அரசாங்க இடைநிலைப்பள்ளியில் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும். பட்டத்திற்குப் பிந்திய கல்வி டிப்ளோமா அதற்கான வழிகளுள் ஒன்றாகும்.

இவ்வாண்டு நானும் அதற்கு ஆயத்தம் செய்து வருகிறேன். படிவத்தை நிரப்புவது அரை மணி நேர வேலை. "நீர் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்?" என்ற ஒரு கேள்விக்கு நேர்மையான பதிலைத் தேடுவதற்குத்தான் பல மாதங்கள் ஆகின்றன. அத்தேடலில் நான் அறிந்துகொண்டவற்றை, அடுத்தடுத்து இவ்வழியில் வரவிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துள்ளேன். இவற்றின் சாரம் ஒன்றே. நாம் தமிழ் கற்றோம் என்பதற்குப் பட்டம் சான்று. நாம் மாணவரை அறிவோமா என்பதற்கு விண்ணப்பம் சான்று கேட்கிறது.

1. இடைநிலைப்பள்ளியில் தமிழின் இடம்

நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் தமிழை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசாங்க இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிக் கல்வி முடிகிறது. முதலாம் படிவத்திலிருந்து, அல்லது புகுமுக வகுப்பிலிருந்து, தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அப்பாடமும் எல்லாப் பள்ளிகளிலும் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்.

15 என்ற எண்ணிக்கை பெரிய நகரத்துக்குச் சிறியதாகத் தோன்றலாம். என் ஊர் பீடோர். பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையில் உள்ள சிறுநகரம். வெளியூர்க்காரர்கள் கொய்யாப்பழமும் கோழி பிஸ்கட்டும் வாங்குவதற்கு வண்டியை நிறுத்தும் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் வெளியூர்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. தோட்டத்தில் இருந்தவரை பிள்ளைகள் ஒரே பள்ளிக்குச் சென்றார்கள். இன்று ஆறாம் ஆண்டில் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள், மறு ஆண்டில் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். ஒரு பள்ளியில் ஆறு பேர், இன்னொரு பள்ளியில் ஒன்பது பேர் என்று சிதறும்போது 15 என்பது எட்டாத எண்ணாகிவிடுகிறது.

எண்ணிக்கை இருந்தாலும் ஆசிரியர் வேண்டும், கால அட்டவணையில் இடமும் வேண்டும். பல இடங்களில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோ நடந்து வந்திருக்கிறது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மணிக்கணக்கில் ஊதியம் பெற்று வந்து கற்பிப்பார். பேருந்தைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத மாணவர் அவ்வகுப்பை விட்டுவிடுவார். என்னுடன் ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் பாதிப்பேர்கூட எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதவில்லை. தமிழ் வேண்டாம் என்று வெறுத்து விட்டவர் அவர்களில் எவரும் இல்லை. வகுப்பு இல்லாததால் விட்டார்கள்.

தேர்வுக் கொள்கையும் இதனைப் பாதிக்கிறது. 2010ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் மாணவர் ஒருவர் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பாடப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்ற கவலை சமூகத்தில் எழுந்தது. அதன் பிறகே கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்க அனுமதி கிடைத்தது. அன்று கதவு மூடப்படாமல் காக்கப்பட்டது. ஆனால், அக்கதவின் வழியே மாணவரை அழைத்துச் செல்ல ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் இருக்க வேண்டும். நாம் விண்ணப்பிப்பது அந்த வேலைக்குத்தான்.

2. பட்டத்திலிருந்து வகுப்பறைக்கு

இடைநிலைப்பள்ளி ஆசிரியராவதற்கு இரண்டு பெரிய பாதைகள் உண்டு. முதலாவது, தொடக்கத்திலிருந்தே கல்வியியலையும் பாடத்தையும் சேர்த்துப் படிப்பது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர்பெற்றது. 1922இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம், தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டப்படிப்பையும் வழங்கி வந்துள்ளது. பீடோரிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஈப்போவை அடுத்த உலு கிந்தாவில் ஆசிரியர் கல்விக் கழக வளாகம் இருக்கிறது. அங்குள்ள பட்டப்படிப்பு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவது என்பதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இரண்டாவது, முதலில் ஒரு துறையில் பட்டம் பெற்று, பிறகு ஆசிரியர் பயிற்சி பெறுவது. நம் நாட்டில் இதன் வேர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. பட்டதாரிகளை ஆசிரியர்களாக்க அங்கே 1963இல் கல்விப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நடந்த ஓராண்டுப் பயிற்சியை நம் மூத்தவர்கள் கே.பி.எல்.ஐ. என்ற பெயரால் நினைவுகூர்வார்கள். அப்பயிற்சி பெயர் மாறி, இப்போது பட்டத்திற்குப் பிந்திய கல்வி டிப்ளோமாவாக வழங்குகிறது.

இப்பாதையைப் பற்றி இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, கல்வி அமைச்சு எந்தப் பாடத்திற்கு ஆள் தேவை என்று காண்கிறதோ அதற்கே வாய்ப்பு திறக்கும். ஆகவே, கடந்த ஆண்டு அண்ணன் ஒருவர் சென்ற வழி இவ்வாண்டும் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது. இரண்டாவது, சில வேளைகளில் நியமனம் முன்னும் பயிற்சி பின்னுமாக அமையும். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் 18,702 ஆசிரியர்களை ஒரே முறையில் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கல்வியியல் தகுதி இல்லாத பட்டதாரிகளும் அதில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டார்கள். இவற்றோடு, 2012இல் தன் முதல் குழுவைப் பள்ளிகளுக்கு அனுப்பிய 'டீச் ஃபோர் மலேசியா' இயக்கத்தின் ஈராண்டுத் திட்டமும் பட்டதாரிகளுக்கு உண்டு.

பிற நாடுகளிலும் இதே முறை உள்ளது. தமிழ்நாட்டில் பட்டத்திற்குப் பிறகு பி.எட். படிக்கிறார்கள். ஓராண்டாக இருந்த அப்படிப்பு 2015-16 கல்வியாண்டில் இந்தியா முழுதும் ஈராண்டாக்கப்பட்டது. சிங்கப்பூரில் பட்டதாரிகள் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுகிறார்கள். பெயர்கள் வேறாயினும், பாடத்தை அறிந்தவர் பாடம் சொல்லவும் தனியே பயில வேண்டும் என்பதை இந்நாடுகள் யாவும் ஏற்றுக்கொண்டுள்ளன.

3. விண்ணப்பத்தில் முதலில் பார்க்கப்படுவன

கல்வித் தகுதி பற்றிய நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பிலேயே சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். புலனத்தில் வலம் வரும் சுருக்கத்தை நம்பக்கூடாது. எனினும் மாறாத சில கூறுகள் உண்டு.

முதற்கூறு, விருப்பப் பாடம். நம் பட்டத்தின் முதன்மைப் பாடம் அறிவிப்பில் உள்ள பாடத்தோடு பொருந்த வேண்டும். பாடப்பதிவுச் சான்றில் தமிழ்ப் பாடங்களின் பெயர்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று இறுதியாண்டிலேயே பார்த்துவிட வேண்டும். பெயரைக் கொண்டு தமிழ்ப் பாடம் என்று அறிய முடியாதவற்றுக்குத் துறையிலிருந்து ஒரு விளக்கக் கடிதம் பெற்று வைப்பது நல்லது.

இரண்டாவது கூறு, துணைப் பாடம். பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழுக்கு வாரத்தில் சில பாடவேளைகளே இருக்கும். எஞ்சிய வேளைகளில் தமிழாசிரியர் நன்னெறிக் கல்வியையோ வரலாற்றையோ வேறு பாடத்தையோ கற்பிக்க வேண்டியிருக்கும். இதனைச் சுமையாகக் கருதத் தேவையில்லை. வேறொரு பாடத்தையும் திறம்படக் கற்பிக்கும் ஆசிரியரைப் பள்ளி எளிதில் விட்டுக்கொடுக்காது. அவர் இருக்கும்வரை தமிழ் வகுப்பும் இருக்கும்.

மூன்றாவது கூறு, மலாய்மொழி. பொதுச்சேவையில் நியமனம் பெற எஸ்.பி.எம். மலாய்மொழியில் சிறப்புத் தேர்ச்சி வேண்டும். அது இல்லாதவர்கள் பட்டம் முடியும்வரை காத்திராமல் மலாய்மொழித் தாளை மட்டும் மீண்டும் எழுதிவிட வேண்டும்.

நான்காவது கூறு, புறப்பாடம். பேரவையில் பொறுப்பு வகித்தேன் என்று மட்டும் எழுதுவதைவிட, அப்பொறுப்பில் மாணவர்களோடு என்ன செய்தோம் என்று எழுதுவதே பயன் தரும். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நடத்திய ஒரு நாள் எஸ்.பி.எம். தமிழ்ப் பட்டறை, பத்து ஆண்டுக்கூட்டங்களைவிட இங்கே எடை கூடியது.

4. "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்?"

இக்கேள்விக்கு நம்மில் பலர் எழுதும் பதில், "என் ஆறாம் ஆண்டு ஆசிரியர் என்னைக் கவர்ந்தார், அவரைப்போல் ஆக விரும்புகிறேன்" என்பது. உண்மையான நன்றியுணர்ச்சிதான். ஆனால் அது பதிலாகாது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் வெளியிட்ட நூலில் இதற்குக் காரணம் கூறினார். பள்ளி முடிப்பதற்குள் ஒரு மாணவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதனால் ஆசிரியத் தொழிலை அறிந்துவிட்டதாக எண்ணுகிறார். ஆனால் அவர் பார்த்தது மாணவர் இருக்கையிலிருந்து தெரிகிற பாதியை மட்டுமே. ஆசிரியர் முதல் நாள் இரவு என்ன ஆயத்தம் செய்தார், பத்து வினாக்களில் இந்த ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தார், யாரைக் கேட்காமல் விட்டார், ஏன் விட்டார் என்பவை மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே நோக்க அறிக்கையை எழுதும் முன் மறுபாதியைப் பார்க்க முயல வேண்டும். பள்ளி முதல்வரின் அனுமதியோடு ஒரு வாரம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கலாம். அது கிடைக்காவிட்டால், நம் ஊரில் நான்கு மாணவர்களைச் சேர்த்துப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். நான் பருவ விடுமுறைகளில் பீடோரில் நான்காம் படிவ, ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலருக்குக் கோவில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரிய தொண்டு ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரு வெண்பலகை, அவ்வளவுதான். என் அறிக்கையில் எழுதுவதற்கு எனக்கு இருக்கும் உண்மைச் செய்திகள் எல்லாம் அங்கிருந்தே வந்தன.

5. பாட அறிவும் பாடம் சொல்லும் அறிவும்

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதிய கட்டுரையில், பாடத்தை அறிவதும் பொதுவான கற்பித்தல் முறைகளை அறிவதும் மட்டும் போதா என்றார். குறிப்பிட்ட ஒரு பாடப்பகுதியை எந்த எடுத்துக்காட்டால் விளக்குவது, அதில் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பவற்றை அறிவது ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்பது அவர் கருத்து. இதனை நம் இலக்கணப் பாடத்திலிருந்தே விளக்கலாம்.

வலிமிகுதலைக் கற்பிக்கும்போது, இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நின்றால் வலி மிகும், மறைந்து நின்றால் மிகாது என்று விதியைச் சொல்கிறோம். 'பாலைக் குடித்தான்' என்பதில் மிகும். 'பால் குடித்தான்' என்பதில் மிகாது. பட்டதாரிக்கு இது போதும். மாணவர் இதைக் கேட்டு, 'ஐ' ஓசை வந்தால் அடுத்து ஒற்று வரும் என்று புரிந்துகொள்கிறார். மறுநாள் கட்டுரையில் 'பூனைப் பாய்ந்தது' என்று எழுதுகிறார். அவர் சோம்பேறி அல்லர். நாம் சொன்ன விதியைத்தான் தம் காதால் பின்பற்றியிருக்கிறார். பூனையில் உள்ள ஐ சொல்லின் பகுதி, வேற்றுமை உருபு இல்லை என்பதை நாம் சொல்லவில்லை.

"எதை என்று கேட்டுப் பார்" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். அதுவும் 'கதை சொன்னாள்' என்ற இடத்தில் கைகொடுக்காது. எதைச் சொன்னாள் என்று கேட்டால் கதை என்ற பதில் வருகிறது. மாணவர் உடனே 'கதைச் சொன்னாள்' என்று எழுதிவிடுவார். என் மாணவர்களிடம் பயன் தந்தது வேறொரு சோதனை. இறுதியில் உள்ள ஐயை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பாலை என்பதில் ஐயை எடுத்தால் பால் மிஞ்சுகிறது. அது சொல். ஆகவே ஐ உருபு, ஒற்று மிகும். பூனையிலும் கதையிலும் எடுத்தால் மிஞ்சுவது சொல்லாக இல்லை. ஆகவே அந்த ஐ உருபன்று, ஒற்று மிகாது. 'கதையைச் சொன்னாள்' என்பதில் ஐயை எடுத்தால் கதை மிஞ்சுகிறது. அங்கே மிகும். இச்சோதனை எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். 'யானை' என்பதில் ஐயை எடுத்தால் 'யான்' என்ற பழஞ்சொல் மிஞ்சிவிடும். அதையும் வகுப்பில் சொல்லிவிட்டால், மாணவர்களே இப்படிப்பட்ட சொற்களைத் தேடத் தொடங்குகிறார்கள்.

இலக்கண நூலில் இந்த விதி இருக்கிறது. மாணவர் விதியை எப்படித் தவறாகக் கேட்பார் என்பது அதில் இல்லை. அது மாணவர் ஏட்டில்தான் கிடைக்கும். எனவே விண்ணப்பிக்க எண்ணுவோர் ஒரு பிழைக் குறிப்பேடு வைத்திருப்பது நல்லது. ஒரு பக்கத்தில் மாணவர் எழுதியது, எதிர்ப்பக்கத்தில் அவர் ஏன் அப்படி எழுதியிருக்கக்கூடும் என்ற நம் ஊகம், அதன் கீழே நாம் செய்து பார்த்தது என்று எழுதி வரலாம். முப்பது பிழைகள் சேர்ந்த ஏடு, நேர்முகத் தேர்வுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த ஆயத்தமாகும்.

6. நேர்முகத் தேர்வு

நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வைக் கல்விச் சேவை ஆணையம் நடத்துகிறது. பயிற்சிக்கான தேர்விலும் நியமனத்துக்கான தேர்விலும் கேட்கப்படும் பொருள்கள் பெரிதும் ஒத்தவை. 1988இல் வகுக்கப்பட்டு 1996இல் திருத்தப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம், நடப்பிலுள்ள கல்வித் திட்டங்கள், 2017இல் முதலாம் படிவத்தில் தொடங்கிய இடைநிலைப்பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டம் ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். 2022இல் பிடி3 தேர்வு நீக்கப்பட்டதால் கீழ்ப்படிவங்களில் பள்ளி அளவிலான மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியருக்குக் கூடியுள்ளதையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியரின் தொடக்கப் பதவித்தரம் முன்பு டி.ஜி.41 என்று வழங்கப்பட்டது. 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்த பின் அது டி.ஜி.9 ஆனது. பழைய கையேடுகளைப் படிப்போர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் மொழி. எதிரில் அமர்ந்திருப்பவர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். நம் பாடத்தை அவருக்கு மலாய்மொழியில் விளக்க வேண்டும். நான் வலிமிகுதலை விளக்க மலாய்மொழியையே துணைக்கு அழைத்துப் பயிற்சி செய்கிறேன். 'துலிஸ்' என்ற சொல்லோடு முன்னொட்டு சேரும்போது 'மெனுலிஸ்' ஆகிறது, த ஓசை மறைகிறது. 'சாப்பு' என்பது 'மெஞாப்பு' ஆகிறது. இரண்டு கூறுகள் சேரும் இடத்தில் ஓசை மாறுவது மலாய்மொழியிலும் உண்டு. தமிழில் சில இடங்களில் ஓசை கூடுகிறது. இவ்வளவு சொன்னால் தமிழ் அறியாதவரும் தலையசைப்பார்.

இப்பயிற்சி தேர்வறையோடு முடிந்துவிடுவதன்று. பள்ளியில் சேர்ந்த பிறகு முதல்வரிடம் சென்று, தமிழ் வகுப்பைக் கால அட்டவணைக்குள் கொண்டு வருமாறு கேட்கப் போவதும் நாம்தான். ஒன்பது மாணவர்களுக்காக ஏன் ஓர் அறையையும் இரண்டு பாடவேளைகளையும் ஒதுக்க வேண்டும் என்று அவர் கேட்டால், கோபப்படாமல், கெஞ்சாமல், அவருக்குப் புரியும் மொழியில் காரணம் சொல்ல வேண்டும். அதனை இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

7. எங்கே அனுப்புவார்கள்?

பணியிடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பேராக்கில் பிறந்தவர் ஜொகூருக்கோ கெடாவுக்கோ செல்ல நேரிடும். வீட்டில் அம்மா இதைத்தான் முதலில் கேட்டார். பீடோருக்கே திரும்பி வருவேன் என்று என்னால் அவரிடம் உறுதி கூற இயலவில்லை. ஆனால், நான் அனுப்பப்படும் ஊரிலும் ஒன்பது மாணவர்கள் இருப்பார்கள். அங்கும் ஆறு பெற்றோர்களைத் தேடிப்போய் பேசினால்தான் 15 நிறையும். வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கும் முன்பே, வகுப்பை உருவாக்கும் வேலை இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியருக்குத் தொடங்கிவிடுகிறது.

இதற்கு நம் பேரவையும் இரண்டு வகையில் உதவலாம். இறுதியாண்டு மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் ஐந்து நிமிடம் பாடம் நடத்த, மற்றவர் மலாய்மொழியில் வினாக்கள் தொடுக்கும் மாதிரி நேர்முகத் தேர்வுகளை நடத்தலாம். ஆசிரியர்களாக இருக்கும் முன்னாள் உறுப்பினர்கள், தங்கள் வகுப்பின் பின்வரிசையில் எங்களுக்கு ஓரிரு நாள் இடம் பெற்றுத் தரலாம். அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் நான் கேட்டுக்கொள்வது அந்த ஒரு நாற்காலிதான். விண்ணப்பத்தில் எழுத வேண்டியதை அங்கிருந்து நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.